ஒத்திகைக்கு அடிபட்டவர்

சிவப்புச் சாயத்தின் நெடி இன்னும் என் விரலில் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. தீபத் திருவிழாவுக்கு முன்னால் வழக்கமாக நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையை இன்று ராஜகோபுரத்தின் எதிரே நடத்தினார்கள். குண்டு வெடித்ததாம், சட்டையெல்லாம் சாயத்தோடு ஒருவர் தரையில் கிடந்தார். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். உங்கள் படத்துக்குப் பூ வாங்கப் போன நான் அவர்கள் கட்டியிருந்த கயிற்றோரம் நின்றுவிட்டேன்.

உங்கள் துறைமுகத்தின் பாதுகாப்பு உலகத் தரத்துக்கு மாற வேண்டும் என்று உங்கள் கடைசி வருடம் முழுக்க நீங்கள் வீடு தங்கவில்லை. சுற்றுச்சுவர் உயர்ந்தது, கேமரா வந்தது, காவல் பிரிவில் தலை நரைத்த உங்களுக்கே கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கப்பல் வராது, நமக்கும் சோறு இல்லை என்பீர்கள். அங்கே நடந்த ஒத்திகைகளிலும் அடிபட்டவராக நடிப்பது எப்போதும் நீங்கள்தான். "ஸ்ட்ரெச்சர்ல என்னையே தூக்கிட்டாங்கன்னா யாரை வேணாலும் தூக்கிடலாம்டி" என்று தொப்பையைத் தட்டிச் சிரிப்பீர்கள். குவார்ட்டர்ஸ் ஹாலில் படுத்து, நெஞ்சைப் பிடித்துப் புரண்டு காட்டுவீர்கள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா வெளையாட்டு இது? எழுந்துருங்க."

"ஜாஸ்தியா நடிச்சிட்டேனா?" என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து கேட்பீர்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்த அன்று, கப்பல் அணையும் மேடையில், மொட்டை வெயிலில், அதேபோல் நெஞ்சைப் பிடித்துச் சரிந்தீர்கள். கை தட்டினார்களாம். ஸ்ட்ரெச்சர் வரும் முறை வரட்டும் என்று ஒருவரும் கிட்டே போகவில்லை. சாயங்காலம் உங்கள் கூட்டாளி நம் வாசலில் நின்று அழுதார். "சூப்பரா பண்றாருன்னுதான் நெனச்சோம் அண்ணி. தூக்கும்போதுதான் தெரிஞ்சிது." அந்த அழுகையைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. துறைமுகத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த ஊருக்கு வந்தும் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இன்று கயிற்றைத் தாண்டிப் போய் அந்த மனிதரின் தோளை உலுக்கினேன். "ஏம்பா, கண்ணைத் தொறப்பா."

"நடிப்புதாம்மா, போங்க" என்று உதடு அசையாமல் முனகினார்.

பெண் போலீஸ் ஓடிவந்து என் கையை இழுத்தார். "இன்னாம்மா நீ, எல்லாத்தையும் கெடுக்கிறே?" கூட்டம் சிரித்தது. கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும்வரை நான் பிடியை விடவில்லை.

இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் யாராவது அசையாமல் தூங்கினால்கூடத் தொட்டு எழுப்பிவிடுகிறேன். திட்டுகிறார்கள். திட்டுகிற குரலைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

பூ வாங்காமலே வந்துவிட்டேன். இன்று உங்களுக்கு நேற்றைய மாலைதான். அன்று உங்களையும் யாராவது இப்படி உலுக்கியிருக்கலாம். ஒத்திகை கெட்டுப்போயிருக்கும். அவ்வளவுதானே.