ஏழாம் ரீலில் ரேடியோ பாட்டு

6-8-91, செவ்வாய்

பகல் முழுக்க வெயில். கொட்டகைக் கீற்று அப்பளமாய்க் காய்ந்து கிடக்கிறது.

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஏழாம் ரீல் பாட்டை நேற்றுக் காலை வெட்டினது நான்தான். ஓடுவது புதுப்படம், டைட்டிலில் இசை என்று ஒருத்தர் பேர். ஏழாம் ரீலில் பார்த்தால் என் கல்யாணத்துக்கு மைக் செட்டில் போட்ட பழைய பாட்டு! வேறு படம், வேறு ஆள் இசை. திரையில் முகமே இல்லை. பூக்கட்டும் இரண்டு கை, பக்கத்தில் ஒரு ரேடியோ. எனக்கு முன்னால் ஓட்டின டாக்கீஸ்காரன் அறுந்த இடத்தில் வேறு படத்துண்டை ஒட்டி அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். நடக்கிறதுதான். நானே செய்திருக்கிறேன். நறுக்.

இன்றைக்கு முதல் ஆட்டம் முடிந்ததும் சவரிமுத்து ஆபரேட்டர் ரூம் வாசலில். கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே படத்துக்கு வருகிறவன்.

"இன்னாண்ணே, ரேடியோ பாட்டு எங்க? அதுக்குத்தான் மூணாவது தபா வந்துகீறேன்."

"வூட்ல பொண்டாட்டிய பாடச் சொல்லு. டிக்கெட் மிச்சம்."

"அவ பாடுனா நான் ஏண்ணே இங்க வர்றேன்? அது படத்துல வர்ற அம்மாவோட கைண்ணே. பாட்டு முடிஞ்சி மூஞ்சியக் காட்டுவான், அழுதுகினு இருக்கும். இப்ப பாட்டு இல்லாம அந்தம்மா சும்மா அழுவுது. ஜனம் சிரிக்குது."

வேண்டுமென்றே வைத்த பாட்டாம். புது இசைக்காரர் அந்த இடத்தில் தன் பிடில், புல்லாங்குழல் எல்லாவற்றையும் நிறுத்தி வழிவிட்டிருக்கிறார். நான் வழியையே வெட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை ரெப் வருகிறார். படக்கம்பெனி ஆள். கடைசி நாள் முழுப் படமும் பார்த்துத்தான் படப்பெட்டியைப் பூட்டுவார். பாட்டு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. சோறு இறங்கவில்லை. மோர் மட்டும்.

7-8-91, புதன்

வெட்டின துண்டைத் தேடின இடம்: புரொஜக்டர் கார்பன் டப்பா. ரீல் டின். குப்பைக் கூடை. பெஞ்சுக்கு அடியில். (ஒரு பீடிக்கட்டு கிடைத்தது. என்னுடையதுதான்.)

மத்தியானம் வீட்டுக்குப் போனால் வாசலில் பாய் விரித்து வடாம். சுற்றிலும் குச்சி, குச்சிக்குக் குச்சி பிலிம் தோரணம். காற்றில் மின்னுகிறது. ஒரு காக்கை இல்லை.

"கன்னிம்மா, இது ஏது?"

"நீதான் வேஸ்ட்டுனு ஆணில மாட்டி வெச்சிருந்தியே. சோறு கொண்டாந்தப்ப எடுத்துகினு வந்தேன். நறுக்கி நறுக்கிக் கட்டிக்கீறேன். நல்லா கீதுல்ல?"

கட்டின பெண்டாட்டி காலில் விழலாமா என்று யோசித்தேன்.

பதினொரு துண்டு. எது முதல், எது பின்? எல்லாவற்றிலும் அதே கை, அதே பூ. நான் முழிக்க, அவள் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல சரம் நாலு விரக்கடை. இதுல அரை மொழம். இது ஒரு மொழம், அப்ப இது பின்னாடி. இன்னாய்யா முழிக்கிற?"

பத்து நிமிஷத்தில் வரிசை போட்டுவிட்டாள். அப்புறம் ஒரு குறை: "இவளுக்குக் கட்டவே தெரில. தலைல வெச்சா உதிர்ந்துடும்."

ஒட்டியிருந்த வடாம் மாவை ஈரத்துணியில் துடைத்து, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவிச் சேர்த்தேன். பன்னிரண்டு ஒட்டு. ஆறு மணிக்குப் பேய்மழை. ஆட்டம் கிடையாது. ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

8-8-91, வியாழன்

மழை விட்டது. ரெப் வந்தார். சின்ன வயசு, பெரிய பெட்டி. ஆபரேட்டர் ரூமுக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சவரிமுத்து நாலாவது தடவை, தரை டிக்கெட்.

ஏழாம் ரீல். கை வந்தது. ரேடியோ வந்தது. பாட்டும் வந்தது! ஒட்டுக்கு ஒட்டு ஒரு வார்த்தை எகிறினது. எகிறின வார்த்தையைத் தரை டிக்கெட்டே பாடி நிரப்பினது. அம்மா முகம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து மட்டும் விசில்.

ஆட்டம் விட்டதும் ரெப் உள்ளே வந்தார். கையில் கைக்குட்டை.

"அந்தப் பாட்டுக்கு மட்டும் கோடும் கீறலுமா, பழைய காலம் மாதிரியே இருக்கு, கவனிச்சீங்களா? டைரக்டர் யோசிச்சு செஞ்சிருக்கார்."

"ஆமா சார். நாங்களும் அதத்தான் பேசிக்கினோம்."

படப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். டக். இந்த வருஷத்தில் நான் கேட்ட நல்ல சங்கீதம் அதுதான். மூன்று தட்டு சோறு.

9-8-91, வெள்ளி

மழை விட்டது. காலை பஸ்ஸில் பழைய பெட்டி போனது, மத்தியானம் புதுப்பெட்டி வந்தது. மனசு லேசு. முதல் ஆட்டத்துக்கு முன் இரண்டாம் ரீலில் ஒரு கிழிசல், ஒட்டினேன். சிமெண்ட் பாட்டில் ஸ்டூலில் கவிழ்ந்திருக்கிறது. பார்க்காமல் உட்கார்ந்து படத்தை ஓட்டினேன். ரீல் மாற்ற எழுந்தேன். ஸ்டூலும் எழுந்தது. அப்படியே மாற்றினேன். திரும்ப உட்கார வசதியாகத்தான் இருந்தது.