மேசையின் ரகசிய லாச்சி

நவம்பர் 12, செவ்வாய்

வெக்ஸ்போர்ட் நகரில் வாங்கிய பழைய இங்கிலாந்து மேசையை விரித்தால் எழுதலாம், மடித்தால் சீட்டாடலாம். ஓரச் சட்டத்தை அழுத்தினால், இழுத்துத் திறக்கும் ரகசிய லாச்சி ஒன்றும் வெளியே வரும். அது எனக்குத் தெரியாது என்றுதான் என் கணவர் நினைத்திருக்கிறார்.

இன்று தூசி துடைக்கும்போது திறந்து பார்த்தேன். உள்ளே ஆஸ்பத்திரிக் கடிதம். அடுத்த வியாழன் அவருக்கு இருதய ஒப்பரேஷன். போன கிழமை நெஞ்சைத் தடவியபடி, "ஒண்டுமில்லையப்பா, வாயுக்குத்து" என்றவர்.

கடிதத்தின் மேல் என் செபமாலையை வைத்து மூடினேன்.

மாலைச் செபத்தில் நான் விரல்விட்டு எண்ணுவதைக் கண்டு, "செபமாலை எங்கையப்பா?" என்று கேட்டார்.

"நீங்கள் கடிதம் வைச்ச இடத்திலை."

செபமாலை மந்திரத்தின் முதற்பாதியை எப்போதும் அவர்தான் சொல்வார், மறுபாதியை நான். இன்று இரண்டு பாதியையும் நானே சொன்னேன்.