ஐலியின் ரம்பத்துக்கு மறுமுனை

ஏப்ரல் 4

என் பழைய கூட்டாளி வில்ஹோவின் பிடி முப்பத்தெட்டு கிலோ. என்னுடையது முப்பத்தொன்று. ஊர்க்கூடத்தில் எங்களுக்கு எடைப் பயிற்சி தரும் கார்லா, கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். கொஞ்சம் மெல்லப் படித்திருக்கலாம். ஐலி பக்கத்திலேயே நின்றாள்.

ஆகஸ்ட் சந்தையில் ஆணும் பெண்ணும் ஜோடியாக மரம் அறுக்கும் போட்டி. ஐலி முப்பது வருடம் தன் புருஷனோடு அறுத்தவள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நானா, வில்ஹோவா? மே கடைசியில் சொல்வாளாம்.

இவ்வளவையும் நானே எழுதினேன்! எழுபத்தாறு வயதில். இந்தக் குளிர்காலத்தில்தான் எழுத்து பழகினேன். காபி ஆறிவிட்டது. போகட்டும்.

ஏப்ரல் 9

சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், வில்ஹோவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாகத் தூக்குகிறான், சதை ஏறியிருக்க வேண்டுமே? இல்லை. போன வருடத்துக் கைதான். தோல் தொங்குகிறது.

"என்னடா, கையையே முறைக்கிற? பொண்ணு பாக்க வந்தியா?"

"ஆவி கண்ணுல படுது" என்றேன். பொய்.

ஏப்ரல் 10

கார்லாவிடம் கேட்டேன், சதை இல்லாமல் பலம் எங்கிருந்து வரும் என்று.

"சதை பின்னாடிதான் வரும், ரெய்னோ. முதல்ல கத்துக்கறது மூளையும் நரம்பும். சும்மா கிடந்த தசை நாரையெல்லாம் ஒரே நேரத்துல வேலைக்குக் கூப்பிடுது. எதிர்ப்பக்கத் தசை பிரேக் போடறதும் குறையுது."

ஆக, என் கையை என் கையே பிடித்து வைத்திருக்கிறது. வில்ஹோவின் நரம்பு அதற்குள் பாடம் படித்துவிட்டது. அவன் பள்ளியில் ஒரு வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவன்!

ஏப்ரல் 27

என் பிடி முப்பத்தொன்பது. வில்ஹோ நாற்பத்தொன்று. பாவி.

மே 14

நாற்பத்துநான்கு! வில்ஹோ நாற்பத்திரண்டு. வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன்.

பிறகு ஐலியின் கொல்லையில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். முதலில் அவளும் வில்ஹோவும். மரத்தூள் நூல் நூலாக விழுந்தது, நல்ல அறுப்புக்கு அதுதான் அடையாளம். அடுத்து நான். இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்தேன். இழுத்தேன், அவள் இழுக்கும்போதும் விடாமல் தள்ளினேன். ரம்பம் வளைந்து கட்டைக்குள் மாட்டிக்கொண்டது.

"தள்ளாதய்யா! நான் இழுத்துக்க மாட்டேனா? உன் முறை முடிஞ்சா சும்மா கூட வா!"

நாற்பது வருடம் காட்டில் மோட்டார் ரம்பத்தை அழுத்தியே பழகிய கை. வில்ஹோ வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவன். மறக்க வேண்டியது அவனுக்கு ஒன்றுமில்லை. லாரிக்காரன் — மரம்வெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறான்!

மே 15

கார்லா சொன்னாள்: "பலம் வேற, பழக்கம் வேற. தூக்கக் கத்துக்கிட்ட நரம்புக்கு அறுக்கத் தனியாச் சொல்லித் தரணும். மெதுவா, தினமும், நிறைய தடவை."

தனியாக எப்படி அறுப்பது? ரம்பத்துக்கு இரண்டு பிடி. வில்ஹோவிடம் போய்க் கேட்டேன். கேட்கும்போது வாய் கசந்தது.

"வா, எனக்கும் பழகணும். ஆனா அவ என்னத்தான் எடுப்பா, சொல்லிட்டேன்."

மே 22

தினமும் ஒரு மணி நேரம். அவன் முறையில் என் கை இன்னும் தள்ளுகிறது. நான் தள்ளவில்லை. கைதான்!

மே 31

"நீ நல்லா வந்துட்ட, ரெய்னோ" என்றாள் ஐலி. "ஆனா அவன் கை இப்பவே தயாரா இருக்கு."

மாவுக்குள் அடைத்துச் சுட்ட பாஸ்டி கொடுத்தாள். சூடாக, நிறைய இறைச்சி வைத்து. சாப்பிடவில்லை.

சாப்பிட்டேன். பாதி.

ஆகஸ்ட் 19

சந்தை. ஐலியும் வில்ஹோவும் மூன்றாவது இடம். கடைசித் துண்டு விழுந்ததும் அவள் அவன் தோளைத் தட்டினாள், இரண்டு தடவை. எண்ணினேன்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அவர்கள் அறுத்தபோது வேலியோரம் நின்றேன், கைகள் கோட்டுப் பைக்குள். பாதியில்தான் கவனித்தேன், வலது கை தானாகவே அவர்களோடு அறுத்துக்கொண்டிருந்தது. வில்ஹோ இழுத்தபோது இறுகியது. ஐலி இழுத்தபோது தளர்ந்து அவள் பக்கம் போனது. முடியும்வரை ஒரு தடவைகூடத் தள்ளவில்லை.