சாமி குத்தம்

என் அக்கா, என் ராசாத்தி,

நீ இருந்தால் இதைப் பார்த்ததும், "வாயாடி, பேசினது போதாதுன்னு எழுதவும் தொடங்கிட்டியா?" என்று கேட்டிருப்பாய். கேளேன். அந்த ஒரு ஏச்சுக்குத்தான் காத்துக் கிடக்கிறேன்.

உன் கருமாதி முடிந்தது. அதற்குத்தான் நான் வேலை பார்க்கும் பண்டாரவளைத் துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு நமுனுகுல பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். லயத்து வாசலில் உன் தேயிலைக் கொழுந்துக் கூடை கவிழ்ந்தபடியே கிடக்கிறது. எடுத்து வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

உன் மகள் கவிதா, உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை, உன் இடத்துக்குக் கொழுந்து பறிக்க வர வேண்டும் என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆள் வராவிட்டால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்களாம். அதுவும் எந்த மலைக்கு? உன்னைக் குளவி கொட்டிக் கொன்ற அதே ஏழாம் நம்பர் மலைக்கு. கூடு இன்னும் அந்தச் சவுக்கு மரத்தில்தான் தொங்குகிறது.

நீ ஏன் செத்தாய் என்று ஊரில் பேசிக்கொள்வது உனக்குத் தெரியுமா? சாமி குத்தமாம். அந்த மரத்தடி முனியாண்டிக்குப் போன வருஷம் பூசை தவறிவிட்டதாம், அவர் கோபித்துக்கொண்டு குளவியை ஏவினாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த முனியாண்டி கல்லுக்கு விளக்கு வைத்தவள் நீ. சாமி இல்லை என்று சொல்லித் திரிந்தவள் நான். அப்படிக் கோபம் வந்தால் என்னையல்லவா தேடி வந்திருக்க வேண்டும்?

பக்கத்துக் காம்பரா மலர்தான் நடந்ததைச் சொன்னாள். அன்று காலைப் பெரட்டில், ஆளை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளையிடம் நீயே கேட்டாயாமே.

"ஐயா, மேல சவுக்கு மரத்துல பெரிய கூடு இருக்குங்க. வேற மலைக்கு விடுங்க."

"தெரியும் புள்ள, நானும் பாத்தேன். இன்னிக்கி ஒரு நாளைக்கு மெதுவாப் பறிங்க. நாளைக்குப் பாப்போம்."

அவ்வளவுதான். அதட்டல்கூட இல்லை. அந்தப் பேச்சோடுதான் நீ மலை ஏறினாய்.

தீமை என்றால் கொம்பும் கோரைப்பல்லுமாக வரும் என்று சின்னதில் போர்வைக்குள் ஒளிந்தோமே, அக்கா. குளவியிடம் அது இல்லை. கூடு அசைந்தால் குளவி கொட்டும். உன் பேரும் அதற்குத் தெரியாது, உனக்கொரு பிள்ளை இருப்பதும் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கு இரண்டும் தெரியும். உன்னைத் தூக்கி லொறியில் ஏற்றியவரும் அவர்தான். செத்த வீட்டில் அவர் அழுத அழுகையும் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்டவனாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன். கூட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் "ஒரு நாளைக்கு" என்று சொல்ல ஒரு நல்ல மனுஷனுக்கு வாய் வருகிறதே, அப்புறம் பேய் எதற்கு?

சாமி செய்தது என்றால் ஒரு சேவலோடு முடிந்துவிடும். மனுஷன் செய்தது என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் எல்லாரும் முனியாண்டியைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று பரிகாரப் பூசை. சேவல், கணக்கப்பிள்ளை உபயம். முனியாண்டி கல் இருக்கும் அந்த மரத்தடியில்தான் வைப்பதாக இருந்தது. கணக்கப்பிள்ளைதான் தடுத்தார்.

"அங்க வேணாம். தப்பு மேளம் அடிச்சாக் குளவி கலைஞ்சிரும். கீழ கோயில் வாசல்ல வைங்க."

கேட்டாயா? பூசைக்கு உடனே இடம் மாற்றத் தெரிந்திருக்கிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமெல்லாம் கணக்கப்பிள்ளையை "ஐயா" என்போம். அப்பா மட்டும் பழைய வழக்கப்படி "சாமி" என்றுதான் கூப்பிடுவார், தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு. "அந்தச் சாமிக்கு எப்பப்பா தேர் இழுக்கப் போறீங்க?" என்று நீ கேலி பண்ணுவாயே.

பூசையில் சாமி வந்து ஆடியவர், வழக்கம்போல, "யாரு குத்தம்டா இது?" என்று கேட்டார். "எங்க குத்தந்தான் சாமி, பொறுத்துக்க" என்று எல்லாரும் கும்பிட்டார்கள். அப்பா கும்பிடவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்.

"சாமி, உங்க குத்தங்க."

ஆடியவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். முனியாண்டியையே குற்றம் சொல்லிவிட்டார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலருக்குத்தான் முதலில் விளங்கியது. முனியாண்டியை யார் "உங்க" என்று சொல்வார்கள்? நீ, வா, போ என்றுதானே பேசுவோம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தது தூணோரம் நின்ற கணக்கப்பிள்ளையை. துண்டு தோளிலேயே கிடந்தது.

அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, பூசைச் சோறு தொடாமல் போய்விட்டார். அவருக்கும் உறைத்தது என்று நினைத்தேன். இன்று காலைப் பெரட்டில் மறுபடியும் ஏழாம் நம்பர் மலைக்கே ஆள் பிரித்தாராம். மலரும் போனாள். போகாமல் என்ன செய்வாள்? சாயந்தரம் அவள் கூடையோடு திரும்பி வரும்வரை அப்பா வாசலை விட்டு எழும்பவில்லை.

நாளைக்குக் கவிதாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பள்ளிக்கூடம் போவாள். காம்பராவைக் கேட்டால், பிள்ளையையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் இடத்தில் பெரட்டில் நான் வந்து நிற்பேன். யாரு குத்தம் என்று எல்லாப் பெண்களுக்கும் கேட்கக் கேட்பேன். அந்தக் குளவிக் கூட்டை இறக்கும்வரை கேட்பேன். இது சத்தியம்.

எந்தச் சாமி மேல சத்தியம் என்று சிரிக்காதே. உன் மேலதான்.

உன் வாயாடித் தங்கச்சி,
கவிதாவின் சித்தி,
ராணி