இளைத்தால் பயப்படும் ஊர்

3 ஜூன் 1968
இன்றும் ஷிப்ட் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுரங்கத்துக்குள் கேஜ் கூண்டில் ஆட்கள் இறங்கும்போது, அதை இறக்கி ஏற்றும் வைண்டிங் என்ஜின் டிரைவரான நான் இருக்கையை விட்டு எழக்கூடாது. சிறுநீரை அடக்கவும் முடியவில்லை, போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கூத்து!

11 ஜூன்
வேலூர் ஆஸ்பத்திரி. டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். மானம் போயிற்று, போகட்டும். பிராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறதாம். புற்றுநோயாகவும் இருக்கலாம், அறுத்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
"இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுக்க பயமா இருக்கு. ரெண்டு மாசத்துல இருபது ராத்தல் எடை குறைச்சிட்டு வாங்க."
தொப்பையால்தான் வந்ததா என்று கேட்டேன்.
"நிச்சயமா சொல்ல முடியாது. பட்டாளத்துக்காரனும் உங்க எடை இருப்பான், அவனுக்கு அது சதை. உங்களுக்கு எல்லாம் இடுப்புக் கொழுப்பு. அது நல்லதில்ல."

12 ஜூன்
இளைக்கச் சொன்னார்கள் என்றதுமே என் மனைவி சுந்தரி அழுதாள். "எங்க அண்ணன் எட்மண்ட் எளைச்சி எளைச்சித்தானே போனாரு?" அவருக்குச் சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்தது. இந்த ஊரில் இளைத்தவன் என்றாலே அந்த நோய்தான் நினைவு வரும். என் தொப்பைதான் அவளுக்கு ஆறுதல். புற்றுநோய் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

9 ஜூலை
தினமும் ராபர்ட்சன்பேட்டை வரை நடக்கிறேன். எடை ஒரு ராத்தல் கூடியிருக்கிறது. எப்படி?

10 ஜூலை
களி உருண்டைக்குள் குழி தோண்டி நெய்!
"இன்னா இது?"
"நீங்க எளைக்கிறத நா பாத்துனு இருக்க மாட்டேன்."
கத்திவிட்டேன். புற்றுநோயா இருக்கலாம்டி, இந்தக் கொழுப்ப வெச்சினு அறுக்க மாட்டாங்களாம்! ஏன் அப்படிச் சொன்னேன்? பாவி. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

11 ஜூலை
தட்டில் கீரையும் பாதிக் களியும். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நடங்க, நானும் வரேன்."

20 ஆகஸ்ட்
இருபத்திரண்டு ராத்தல் குறைந்தது. ஆபரேஷனுக்கு நாளை வேலூர்.

6 செப்டம்பர்
புற்றுதான். ஆனால் சுரப்பிக்குள்ளேயே இருந்தது, வெளியே பரவவில்லை, எடுத்தாயிற்று என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். பயம் போகவில்லை. ஆனாலும் பசிக்கிறது.

22 செப்டம்பர்
சர்ச் வாசலில் பக்கத்து வீட்டு ஐடா அக்கா என்னைப் பார்த்து மிரண்டு, சுந்தரியின் கையைப் பிடித்தாள். "இன்னாடி, இவரு இப்டி எளைச்சிட்டாரு? நெஞ்ச படம் எடுத்துப் பாத்தீங்களா?"
சுந்தரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"நாந்தாங்க்கா எளைக்க வெச்சேன்."