எங்கள் சீசன்

ரிஷிகேஷ்,
03.09.2025

என் செல்விக்கு,

நான் சுகம். முகாமில் டவரே எடுக்காது, அதனால்தான் கடிதம். வீணாகப் பயப்படாதே. நாங்கள் ரப்பர் படகு விடப்போவது மிதமான பாய்ச்சலில்தான். ஹெல்மெட், மிதவைச் சட்டை இல்லாமல் யாரையும் ஏற்ற மாட்டோம். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது, கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதக்க வேண்டும். கரையிலிருந்து கயிறு எறிவார்கள். இறுகப் பிடிக்கலாம், ஆனால் கையில் சுற்றக் கூடாது. சுற்றினால், விட வேண்டிய நேரத்தில் விட முடியாது.

சீசன் முடிந்ததும் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்
பாண்டிராஜ்


இலத்தூர்,
19.09.2025

அன்புள்ள அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் நின்றுவிட்டது. மெயினருவியில் கூட்டமே இல்லை, பழக்கடைகளைப் பிரித்துவிட்டார்கள். சீசன் முடிந்தது! துணிக்கடை வேலையை விட்டுவிட்டேன், பெட்டியும் கட்டியாகிவிட்டது. கல்யாணமான மறுமாதமே போனவர், வரும் தேதியையாவது எழுதக் கூடாதா? தினமும் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய்ச் சென்னை ரயிலைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி கேட்கிறாள்: "ஏட்டி, உன் மாப்பிள்ளை ரயில்ல வாராரா, நீச்சலடிச்சு வாராரா?" சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
செல்வி


ரிஷிகேஷ்,
02.10.2025

செல்வி,

அடிப் பைத்தியமே! நான் சொன்னது எங்கள் சீசனை. இங்கே இப்போதுதான் ஆரம்பம், ஜூனில்தான் முடியும். குற்றாலச் சீசன் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கேட்காமல் வேலையை விடுவார்களா? முகாமில் பெண்கள் தங்க வசதியும் இல்லை. ஜூனில் பார்க்கலாம்.

பாண்டிராஜ்


இலத்தூர்,
14.10.2025

பாண்டிராஜ் அவர்களுக்கு,

கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அது என் தப்பு, போகட்டும். தென்காசியில் பிறந்தவருக்குச் சீசன் என்றால் குற்றாலம் ஞாபகத்துக்கு வரவில்லை. 'எங்கள் சீசன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'எங்கள்' என்பதில் நான் எங்கே இருக்கிறேன் என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இல்லை.

சுரண்டையில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே தங்கப்போகிறேன். ஜூனில் இங்கே வர வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். ஆற்றில் கவனமாக இருங்கள், மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள்.

கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது என்றீர்கள். நல்லவேளை, நான் சுற்றவில்லை.

இசக்கிச்செல்வி