சங்க வரலாற்றில் அடித்த பெயர்

9 பிப்ரவரி 1960, செவ்வாய். திருப்பதி.

இன்று கல்லூரி விளையாட்டு விழாவில் தடகளச் சங்கத்தின் வரலாற்றை நான்தான் வாசித்தேன். எழுதியதும் நான்தான்.

முள்ளும் கல்லுமாகக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து ஓடுபாதை போட்டவன் என் வகுப்புத் தோழன் முனிரத்தினம். ஐந்தாறு பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்து சங்கத்தைத் தொடங்கியவன். முதல் கோப்பையும் அவன் ஓடி வாங்கியதுதான். இதையெல்லாம் எழுதியிருந்தேன். நேற்று உடற்பயிற்சி ஆசிரியர் படித்துப் பார்த்து, அவன் பெயரை மட்டும் அடித்தார்.

"அவன் ஊரு திருத்தணிப் பக்கம். ஏப்ரல்ல மெட்ராஸ் ஸ்டேட்டோட சேர்ந்துடுது. நம்ம ஆந்திர ராஷ்ட்ரத்துச் சங்கத்துல அவன் பேரு எதுக்குப்பா?"

என் ஊர் நகரி. அது ஆந்திராவிலேயே இருக்கப்போகிறது. அந்தத் தைரியத்திலாவது நான் பேசியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மேடையில் அவன் பெயர் வர வேண்டிய இடத்தில் "சில மாணவர்கள்" என்று வாசித்தேன். முனிரத்தினம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான்.

வெளியே அவனைத் தேடிப் போய், "சார் அடிச்சிட்டாரு, நான் இன்னாடா பண்றது?" என்றேன்.

"அவரு பேப்பர்ல அடிச்சாரு. மைக் முன்னாடி நீதானடா நின்னுக்கினு இருந்த" என்றான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் சங்கத்தின் அடுத்த செயலாளர் நான்தான் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். நாலு பேர் வந்து கை கொடுத்தார்கள். எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தேன்.